எத்தனை மணிக்கு எடுத்த கண் அது?

எங்கள் காலத்து இளநிலை விலங்கியல் செய்முறைக் குறிப்பேட்டில் இறாலின் கூட்டுக்கண்ணுக்கு இரண்டு படங்கள் வரைய வேண்டும். ஒன்று வெளிச்சத்தில் உள்ள ஒம்மட்டிடியம் (கூட்டுக்கண்ணின் ஓர் அலகு), மற்றொன்று மங்கலில் உள்ள ஒம்மட்டிடியம். முதல் படத்தில் கறுப்பு நிறமி மேலிருந்து கீழ்வரை போர்த்தியிருக்கும். இரண்டாவது படத்தில் அது இரு முனைகளுக்கும் ஒதுங்கி நடுப்பகுதியைத் திறந்துவிட்டிருக்கும். ராப்டம் என்று அம்புக்குறியிட்டு எழுதப்படும் நடுத்தண்டு மட்டும் இரண்டு படங்களிலும் ஒரே அகலத்தில், அடிக்கோல் வைத்து இழுத்த கோடாக நிற்கும். பின்னாளில் சென்னைக் கல்லூரி ஒன்றில் அதே படத்தை நானும் கரும்பலகையில் பல ஆண்டுகள் வரைந்தேன். நிறமியைப் பற்றி அந்தப் படம் சொல்வது சரிதான். அந்தப் படத்தின் மீது எனக்குள்ள வழக்கு, அதன் மூலையில் நேரம் குறிக்கப்படுவதில்லை என்பதே; ஏனெனில் நண்டு, இறால் முதலிய கிரஸ்டேசியன்கள் பலவற்றில் நண்பகல் ராப்டமும் நள்ளிரவு ராப்டமும் ஒரே பொருள் என்று சொல்லத் தக்கவை அல்ல.

ராப்டத்தின் கட்டமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் இது விளங்கும். ஒம்மட்டிடியம் ஒவ்வொன்றிலும் ஒளியுணர் செல்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்கின்றன. பத்துக்கால் கிரஸ்டேசியன்கள் பெரும்பாலானவற்றில் ஏழு பெரிய செல்களும் அவற்றின் தலைமாட்டில் ஒரு சிறிய செல்லும் இருக்கும். இந்தச் செல்கள் தத்தம் உட்புறச் சவ்வை மைக்ரோவில்லை எனப்படும் மெல்லிய குழல்களாக நடு அச்சை நோக்கி நீட்டுகின்றன. எல்லாச் செல்களின் குழல்களும் நடுவில் நெருங்கி அடுக்கப்பட்டு உண்டாகும் கட்டுதான் ராப்டம். ஒரு குழலின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நாம் காணும் ஒளியின் அலைநீளத்தைவிடவும் அது மிகச் சிறியது என்பதால், சாதாரண நுண்ணோக்கியை எவ்வளவு நுட்பமாகத் திருகினாலும் தனிக்குழல் கண்ணில் படாது. ஒளியை வாங்கும் ரோடாப்சின் என்னும் புரதம் இந்தக் குழல்களின் சவ்வில்தான் பதிந்திருக்கிறது. நண்டிலும் இறாலிலும் இந்தக் குழல்கள் அடுக்கு அடுக்காக, ஓர் அடுக்குக்கு அடுத்த அடுக்கு செங்குத்தாக அமைந்திருக்கும்: முதலாம், நான்காம், ஐந்தாம் செல்களின் குழல்கள் ஒரு திசையிலும், மற்ற நான்கு செல்களின் குழல்கள் அதற்குக் குறுக்காகவும் ஓடும். ஒரே தளத்தில் அதிரும் தளவிளைவுற்ற ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை இந்த விலங்குகள் அறிவது இந்தக் குறுக்கடுக்கின் உதவியால்தான்.

வீட்டிலேயே பார்க்கக் கூடியது கண்ணின் மேற்பரப்பு. காசிமேட்டில் வாங்கிய வெள்ளை இறாலைச் சுத்தம் செய்யும்போது, தலையை எறிவதற்கு முன் கண்ணை மட்டும் கத்தரித்து, வெளிப்படலத்தை ஊசி முனையால் உரித்து, உட்புறம் ஒட்டியிருக்கும் கறுப்பைத் தண்ணீரில் அலசிவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கிளிசரினில் பரப்பிப் பாருங்கள். குறைந்த உருப்பெருக்கத்திலேயே ஒம்மட்டிடியங்களின் முகப்புகள் அத்தனையும் சதுரமாக இருப்பது தெரியும். நண்டின் கண்ணில் அவை அறுகோணமாக இருக்கும். இறாலின் கண் ஒளியைக் குவிப்பது பெரும்பாலும் வில்லையால் அன்று, பெட்டி வடிவச் சுவர்களில் நிகழும் பிரதிபலிப்பால். அதற்குச் சதுரம் தேவைப்படுகிறது. இறாலின் உறவான நன்னீர்க் கிரேஃபிஷில் கிளாவுஸ் ஃபோக்ட் 1975இலும், இறாலில் மைக்கேல் லேண்ட் 1976இலும் இதைக் காட்டினார்கள். இரவில் இறால் பண்ணைக்காரர்கள் டார்ச் அடித்துத் தீவனத் தட்டைத் தூக்கிப் பார்க்கும்போது தெரியும் ஆரஞ்சு நிற மினுக்கமும் இந்தக் கண்ணின் அடியில் உள்ள பிரதிபலிப்பு அடுக்கிலிருந்து வருவதே. அதே இறாலைச் சிறிது நேரம் நல்ல வெளிச்சத்தில் வைத்தால் நிறமி ஏறி அந்த மினுக்கத்தை அணைத்துவிடும். குறிப்பேட்டுப் படம் சொல்லும் கதை இவ்வளவோடு நின்றுவிடுகிறது.

அந்தக் கதைக்குள்ளே ஒரு கிளைக்கதை இருக்கிறது என்பது 1960களின் பிற்பகுதியில் வெளிப்படத் தொடங்கியது. கொசுப் புழுவின் கண்ணில், வெளிச்சம் பட்டபின் ஒளியுணர் செல்லுக்குள் சிறுசிறு பைகள் நிரம்பிய வேறு பைகள் பெருகுவதை ரிச்சர்ட் ஒயிட் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் எகுச்சியும் டால்பட் வாட்டர்மேனும் லிபினியா என்ற சிலந்தி நண்டில், வெளிச்சமும் இருளும் செல்லின் நுண்கட்டமைப்பை மாற்றுவதை 1967இல் எழுதினார்கள். அதே ஆண்டில்தான் முதுகெலும்பிகளில் ரிச்சர்ட் யங் தம்முடைய புகழ்பெற்ற சோதனையை வெளியிட்டார்: கதிரியக்க அடையாளம் இட்ட அமினோ அமிலத்தைச் செலுத்தி, விழித்திரையின் தண்டுச் செல்லில் புதிய சவ்வுத் தட்டுகள் அடியில் பிறந்து நுனியை நோக்கி நாள்தோறும் நகர்ந்து செல்வதைக் காட்டினார். நுனியில் கழன்று விழும் தட்டுகளைப் பக்கத்திலுள்ள நிறமிப் புறச்செல்கள் விழுங்கிச் செரித்துவிடுகின்றன. எலியில் இந்தக் கழற்றல் காலையில் வெளிச்சம் வந்த சிறிது நேரத்தில் உச்சத்தை எட்டுகிறது என்று 1976இல் மேத்யூ லாவெயில் காட்டினார். விழுங்கும் வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: மெர்ட்கே என்ற மரபணு பழுதான எலியில் கழன்ற தட்டுகள் குப்பையாகச் சேர்ந்து ஒளியுணர் செல்களே மடிகின்றன, மனிதரிலும் அதே மரபணுவின் பழுது பார்வையிழப்பைத் தருகிறது.

நண்டுக்கு அந்த வசதி கிடையாது. கழிந்த சவ்வை எடுத்துச் செல்ல அதன் ஒளியுணர் செல்லுக்குப் பக்கத்து வீட்டுப் புறச்செல் எதுவும் காத்திருப்பதில்லை. கட்டுவதும் உடைப்பதும் உண்பதும் பெரும்பாலும் அந்தச் செல்லின் சொந்தப் பொறுப்பு. குழல்களின் அடிப்பகுதியில் சவ்வு உள்ளே குழிந்து, கிளாத்ரின் என்னும் புரத உறை போர்த்த சின்னஞ்சிறு கொப்புளங்களாகக் கிள்ளி எடுக்கப்படுகிறது. கொப்புளங்கள் ஒன்றுசேர்ந்து, ஒயிட் கண்ட அந்தப் பல்பைப் பைகளாகின்றன. அவற்றோடு லைசோசோம் என்னும் செரிமானப் பைகளின் நொதிகள் கலக்க, உள்ளே சவ்வு சுருள் சுருளாக மடிந்து, கடைசியில் அடர்ந்த எச்சமாகச் சுருங்குகிறது. கிரேஃபிஷில் இந்தப் பைகளின் எண்ணிக்கை நாளின் நேரத்தோடு ஏறி இறங்குவதை ஹாஃப்னரும் உடன் பணியாற்றியோரும் 1980இல் பதிவு செய்தனர். விளக்கை ஏற்றியபின் அவை பெருகி, பிறகு மெல்லத் தேய்கின்றன.

இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்தவை பாறை நண்டுகளைப் பற்றிய இரண்டு ஆய்வுகள். கிராப்சஸ் என்னும் பாறை நண்டில் இரவு ராப்டம் பகல் ராப்டத்தைவிடப் பல மடங்கு பருத்திருப்பதை 1979இல் டிக் நாசலும் வாட்டர்மேனும் காட்டினர். அடுத்த ஆண்டில், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சாலி ஸ்டோவ், லெப்டோகிராப்சஸ் நண்டில் அந்தப் பருத்த ராப்டம் அந்திப்பொழுதில் எவ்வாறு எழுகிறது என்பதைப் படிப்படியாகப் பிடித்துக் காட்டினார். செல்லுக்குள் மடிந்து கிடக்கும் மென்மையான எண்டோபிளாச வலையின் சவ்வு குழல்களாக மாறி அடுக்கில் போய்ச் சேருகிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் பகலெல்லாம் கட்டிப் போர்த்திக் கிடக்கும் பலகைகளும் தார்ப்பாய்களும் மாலையில் பஜ்ஜிக் கடைகளாக எழுவதற்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை சொல்லலாம். ஆனால் கடைக்காரர் விடியும்போது பலகையைத் தின்றுவிடுவதில்லை. எனக்கு வியப்பூட்டுவது வேகம் மட்டுமன்று, ஒழுங்கு. ஏழு செல்கள் ஒரே நேரத்தில் கட்டுகின்றன. குழலின் விட்டம் மாறக்கூடாது. ஒரு செல்லின் அடுக்கு பக்கத்துச் செல்லின் அடுக்குக்குள் மிகச் சரியாகப் புகுந்து செங்குத்தாக அமைய வேண்டும். இவ்வளவும் நண்டு பாறையில் இரை தேடி ஓடிக்கொண்டிருக்கும்போதே நடந்தாக வேண்டும். சென்னைத் துறைமுகத் தடுப்புக் கற்களின் இடுக்கில் காலடிச் சத்தத்துக்கு ஓடி ஒளியும் நண்டுகளில் பலவும் இந்தக் கிராப்சிடே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

இந்த வேலைக்குக் கிடைக்கும் அவகாசம் இடத்துக்கு இடம் மாறும். 13 பாகை வடக்கில் இருக்கும் நம் ஊரில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாகக் அடிவானத்தில் இறங்குவதால் அந்தி மிகக் குறுகியது. சூரியன் மறைந்தபின் விளக்கில்லாமல் எழுத்துக் கூட்டக்கூடிய வெளிச்சம் 20 நிமிடங்களைச் சற்றே தாண்டித்தான் நிற்கும். முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. நிலவில்லாத இரவில் அதற்கும் கீழே பல நூறு மடங்கு இறங்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கை நிறமித் திரையை ஒதுக்குவதால் மட்டும் கடக்க முடியாது. வரும் ஒளித்துகள்கள் சிலவே என்றால், அவற்றைப் பிடிக்கும் சவ்வு மிகுதியாக வேண்டும். வலைவீசிச் சிலந்தியான டைனோபிஸிடம் 1978இல் பிளெஸ்ட் கண்டதும் இதுவே: இருட்டியதும் பெருமளவு சவ்வைக் கட்டி, விடிந்ததும் அதை விரைவாக அழித்துவிடுகிறது அந்தச் சிலந்தி. பொருத்தமான சூழல் அமைந்தால், வெவ்வேறு குலத்து விலங்குகளும் ஒரே வழியைக் கண்டுகொள்கின்றன போலும்.

பகலில் அந்தச் சவ்வை ஏன் வைத்திருக்கக் கூடாது என்ற கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. சவ்வு பரந்திருக்கும் அளவுக்கு அதன் வழியே அயனிகள் கசியும், கசிந்ததை இறைத்து வெளியேற்ற ஆற்றல் செலவாகும் என்பது ஒரு பதில். உடைத்துக் கட்டுவதற்கும் ஆற்றல் வேண்டுமே என்பதால் இந்தப் பதில் எனக்கு முழு நிறைவு தரவில்லை. தேய்மானம் என்ற பதில் எனக்கு இன்னும் வலுவாகப் படுகிறது. நம் கண்ணில் ஒளி பட்ட ரோடாப்சின் தன் நிறமிப்பகுதியை உதிர்த்துவிடும். நண்டிலோ அது மெட்டாரோடாப்சின் என்னும் நிலையான வடிவமாகச் சவ்விலேயே தங்கிவிடும். இன்னோர் ஒளித்துகள் அதன் மீது பட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இருட்டில் அந்த இரண்டாம் துகள் வராது. கிரேஃபிஷை ஆரஞ்சு ஒளியில் வைத்து ரோடாப்சினைப் பெரிதும் மாற்றிவிட்டு, பின் இருட்டில் விட்டு, அது எவ்வளவு மெதுவாக மீள்கிறது என்பதை 1984இல் குரோனினும் கோல்ட்ஸ்மித்தும் அளந்தார்கள். சவ்வையே மாற்றி வைப்பது இந்த மீட்சிக்கு ஒரு வழி.

அந்தச் செரிமானத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஐரோப்பியக் கடலில் சேற்று வளைகளில் வாழும் நார்வே லாப்ஸ்டரை இழுவலையில் தூக்கிப் படகின் தளத்தில் பகல் வெளிச்சத்தில் போட்டால், அதன் ராப்டம் சிதைந்து மீளாமல் போய்விடுகிறது என்று 1976இல் லோவ் காட்டினார். மங்கலுக்காக அளவிட்டுக் கட்டப்பட்ட சவ்வின் மேல் சூரியன் ஒரே வீச்சில் கொட்டும்போது, நாள்தோறும் கிள்ளி எடுத்துச் செரிக்கும் ஏற்பாடு அதற்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

இத்தனையையும் யார் முடுக்கிவிடுகிறார்கள்? வெளிச்சம்தான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் லிமுலஸ் என்னும் குதிரைலாட நண்டு அந்த எளிமையைக் கெடுத்துவிட்டது. பெயரில் நண்டு இருந்தாலும் அது கிரஸ்டேசியன் அன்று, சிலந்திக்கு உறவு; ஒடிசாக் கரையில் அதன் இனத்தார் உண்டு. அதன் மூளையிலுள்ள உயிரியல் கடிகாரம் இரவு முழுவதும் பார்வை நரம்பின் வழியே கண்ணுக்குத் துடிப்புகளை அனுப்புகிறது. விடியலில் முதல் ஒளி பட்டதும் ராப்டம் தன் சவ்வை விரைவாகக் கழற்றுகிறது. ஆனால் முந்தைய இரவில் அந்தத் துடிப்புகள் வராவிட்டால், எவ்வளவு வெளிச்சம் காட்டினாலும் அந்தக் கழற்றல் நிகழ்வதில்லை என்று சேம்பர்லைனும் ராபர்ட் பார்லோவும் 1979இல் நிறுவினர். ஒளி ஒரு சாவி என்றால், கடிகாரம் அந்தப் பூட்டுக்கு முன்கூட்டியே எண்ணெய் விட்டு வைக்க வேண்டும்.

நண்டு, இறால் ஆகியவற்றில் நிறமித் திரையின் போக்குவரத்தைக் கண் காம்பிலுள்ள சைனஸ் சுரப்பியின் ஹார்மோன்கள் நடத்துகின்றன: நிறமியைப் பரப்பும் ஹார்மோன் 18 அமினோ அமிலங்கள் கொண்டது, சிவப்பு நிறமியைச் சுருக்கும் ஹார்மோன் 8 கொண்டது. நிறமியைப் பரப்பும் ஹார்மோனுக்கு நெருங்கிய உறவான ஒன்றுதான் பழ ஈயின் மூளைக் கடிகாரத்திலும் செய்தி கொண்டு செல்கிறது. அதே காம்பில் சூலகத்தை அடக்கி வைக்கும் ஹார்மோனும் சுரப்பதால், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய குஞ்சு பொரிப்பகங்கள் பலவும் தாய் இறாலின் ஒரு கண் காம்பை நீக்கி முட்டையிடத் தூண்டும் முறையை நெடுங்காலம் கையாண்டிருக்கின்றன. 1943இல் பிரான்சில் பனூஸ் காட்டிய உண்மையிலிருந்து வந்த முறை இது. கண்ணை ஒரு சுரப்பிப் பையாக மட்டும் பார்க்கும் வழக்கம் எனக்கு என்றுமே உவப்பாக இருந்ததில்லை. இன்னொரு எண்ணமும் வருவதுண்டு. 2009 முதல் வனாமி இறாலின் தாய்க்கூட்டம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி, நீலாங்கரையிலுள்ள நோய்த்தடுப்பு மையத்தில் தனித்து வைக்கப்பட்டபின்தான் குஞ்சு பொரிப்பகங்களுக்குப் போகிறது. ஹவாயிலிருந்து வரும் இறாலுக்கு அங்கே அந்தி சாயும் மாலை 6.30 மணி, இங்கே மறுநாள் காலை 10 மணி. அந்தத் தொட்டியில் முதல் சில நாட்கள் அதன் கண் எந்த ஊர் அந்தியை நம்பும் என்று ஒருவர் பார்க்கலாம்.

பழவேற்காட்டுச் சேற்று நண்டின் கண்ணைத் திட்டப்பணிக்கு எடுக்க விரும்பிய முதுகலை மாணவி ஒருத்தி அண்மையில் வந்து, "பகல்ல ஒண்ணு, ராத்திரியில ஒண்ணு எடுத்தா போதுமா மேடம்?" என்று கேட்டாள். "போதாதும்மா, இருட்டுற நேரத்தை நீ எடுக்கவே இல்லையே" என்றேன். நண்டுகளை முன்னதாகவே சில நாட்கள் ஊரின் இயல்பான வெளிச்சத்தில் பழக்கி வைக்க வேண்டும். நவம்பரில் சூரியன் 5.40 மணிக்கு அருகில் மறைகிறது, ஜூலையில் 6.40 மணிக்கு அருகில். ஆகவே மணிக்கணக்கோடு அன்றைய அஸ்தமன நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். நாளின் மற்ற வேளைகளில் இரண்டு மணிக்கு ஒரு கண் போதும். அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பிருந்து ஒன்றரை மணி பின்புவரையும், விடியலைச் சுற்றியும் பத்து நிமிடங்களுக்கு ஒன்றாக எடுத்து, தாமதமில்லாமல், திசுவை நிலைநிறுத்தும் குளுடரால்டிஹைடில் இட வேண்டும். குழல்களின் நடுவே ஓடும் ஆக்டின் என்னும் புரத இழை கால்சியம் பட்டால் கலைந்துவிடும் தன்மையுடையது என்பது ஈயின் கண்ணில் 1982இல் தெரியவந்திருப்பதால், நிலைநிறுத்தும் கரைசலில் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது நல்லது. இரவு மாதிரிகளை மங்கிய சிவப்பு விளக்கில் மட்டுமே வெட்ட வேண்டும். அவளுடைய ஆய்வகத்தில் மாலை 6 மணிக்குக் காவலாளி வந்து தாழ்வாரத்துக் குழல்விளக்குகளைப் போடுவது வழக்கமாம். கதவிடுக்கில் கறுப்புத் துணியைத் திணித்து, குப்பி ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் நேரத்தை எழுதச் சொல்லியிருக்கிறேன். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.